ஜார்ஜ் டேவிஸ்: தெரிந்ததைப் பாடமாக்கியவர்



முன்பு என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் எஸ்.பி.எம். முடித்து, இரசாயனப் பொறியியல் படிக்க விரும்புகிறான். அவன் தாயார் வந்து, "ஐயா, இது இரசாயனமா, பொறியியலா?" என்று கேட்டார். விடை தேடப் போய்த்தான் ஜார்ஜ் எட்வர்ட் டேவிஸ் என்னும் ஆங்கிலேயரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது.

1850இல் ஈட்டனில் பிறந்த டேவிஸ், மான்செஸ்டர் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தபின் அரசாங்க ஆய்வாளரானார். அக்காலத்தில் சோப்புக்கும் கண்ணாடிக்கும் தேவையான சோடாவை உப்பிலிருந்து செய்தனர். உப்போடு கந்தக அமிலம் சேரும்போது கிளம்பிய ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை, சுற்றுப்புறப் பயிர்களையும் மரங்களையும் கருக்கியது. அப்புகையில் 95 விழுக்காட்டை ஆலைகளே தடுத்துப் பிடிக்கவேண்டும் என்றது 1863ஆம் ஆண்டுச் சட்டம். கோபுர உச்சியிலிருந்து நீர் வழியும். கீழிருந்து புகை ஏறும். நீர் அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும். இவை ஒழுங்காக இயங்குகின்றனவா என ஆலை ஆலையாகச் சென்று பார்ப்பதே அவர் பணி.

ஓர் ஆலைக்குள்ளேயே இருப்பவர் காணாததை அவர் கண்டார். செய்யும் பொருள் எதுவாயினும், காய்ச்சுதல், வடித்தல், உறிஞ்சுதல், உலர்த்துதல், நொறுக்குதல் என்ற அதே செயல்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன!

1880இல் இரசாயனப் பொறியாளர்களுக்கெனச் சங்கம் அமைக்க முயன்றார், அப்பெயர் நிலைக்கவில்லை. மறு ஆண்டில் இரசாயனத் தொழில் சங்கமாக அது உருவானபோது அவரே முதல் செயலாளர். 1880களின் இறுதியில் மான்செஸ்டர் தொழில்நுட்பப் பள்ளியில் 12 சொற்பொழிவுகள் ஆற்றினார். தொழிற்சாலைகளில் எல்லாருக்கும் தெரிந்ததைத்தானே சொல்கிறார் என்று குறை கூறினர். (எளிதாகப் புரியவைத்தால் நமக்கும் இப்பெயர் கிடைப்பதுண்டு.) தெரிந்தது உண்மைதான், ஆனால் ஆலைக்கு ஆலை சிதறிக் கிடந்ததைச் செயல்வாரியாக அடுக்கிக் கற்பித்தவர் அவர்.

1888இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லூயிஸ் நார்ட்டன் இதனை நான்காண்டுப் படிப்பாகத் தொடங்கினார். டேவிஸின் கையேடு 1901இல் வெளிவந்தது. 1904இல் வந்த இரண்டாம் பதிப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. 1907இல் அவர் மறைந்தார். அவர் வகுத்த முறைக்கு 'அலகுச் செயல்கள்' என்ற பெயரை ஆர்தர் லிட்டில் சூட்டியது 1915இல்தான்.

அந்தத் தாயாரிடம், "குடுவையில் நடக்கும் இரசாயனத்தைக் கோபுரத்தில் நடத்தும் பொறியியல், அம்மா" என்றேன்.

"அப்படியானால் கணிதம் நிறைய வருமே?" என்றார்.

வரும் என்றேன்.