சக்கரம் காட்சிக்கு வந்தது, சால் வரவில்லை



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைப்பு கேட்டபோது, மரவேலைக் கண்காட்சியைப் பற்றிப் பேசுகிறோம் என்றோம். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தோழர், நம்ம மேடைக்கு அது சரியா வருமா?" என்று கேட்டார்கள். யாருடைய நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர் பறைக்குச் சட்டம் செய்தவர். உளியும் இழைப்புளியும் வைத்திருந்தவர். ஆனால் அவரை மரவேலைக்காரர் என்று நம்மில் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. பறையடிக்கிறவர் என்றோம், போராளி என்றோம், எழுத்தாளர்களுக்கெல்லாம் தகவல் சொன்னவர் என்றோம். மரம் நம் நினைவில் இல்லை. அதனால்தான் இந்தத் தலைப்பு.

போன வருடம் கோவையில் நடந்த மரவேலைக் கண்காட்சி ஒன்றுக்கு ஆறு மாணவர்களுடன் போனோம். பெரிய கூடம். கணினி சொன்னபடி பலகையைச் செதுக்கும் இயந்திரங்கள், விளிம்பு ஒட்டும் இயந்திரங்கள், பிளைவுட், பசை, கீல், கைப்பிடி என்று கடை கடையாக இருந்தன. கூடத்தின் ஒரு மூலையில் மட்டும் ஓலைப் பந்தல் போட்டு, 'பரம்பரைக் கைவினை – நேரடிச் செய்முறை' என்று பலகை வைத்திருந்தார்கள். அங்கேதான் கூட்டம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆசாரி ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆணியே இல்லாமல் இரண்டு தேக்குச் சட்டங்களைக் கழுந்தும் துளையுமாகப் பிணைத்துக்கொண்டிருந்தார். கொட்டாப்புளியால் அவர் தட்டுகிற தட்டு எங்கே பலமாக விழுகிறது, எங்கே மெல்ல விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். உண்மையிலேயே அழகான வேலை. அதை மறுத்துப் பேச நாங்கள் வரவில்லை.

எங்களுடன் வந்த ஒரு மாணவன் முன்னால் போய், "ஐயா, இதை எங்க கத்துக்கலாம்?" என்று கேட்டான். அவர் தலை நிமிர்ந்து சிரித்தார். "இது படிச்சு வர்றதில்லீங் தம்பி, வழிவழியா வர்றது. தம்பிக்கு எந்த ஊருங்? ஆரு வூட்டுப் பையன்?"

முதல் கேள்விக்கு மட்டும் அவன் பதில் சொன்னான். உளியைத் தொட்டுப் பார்க்க மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். அவன் எங்கள் பக்கம் வந்து நின்றுகொண்டான்.

அந்த ஆசாரி மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவரைக் கொண்டுவந்து ஓலைப் பந்தலுக்குள் உட்காரவைத்தவர்கள் மேல் பலகையை எழுதியவர்களும் அவர் இல்லை. 'வழிவழியா' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

கைவினைஞரை உட்காரவைத்து மக்களுக்கு வேடிக்கை காட்டும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1886இல் லண்டன் தென் கென்சிங்டனில் காலனிய, இந்தியக் கண்காட்சி நடந்தது. 55 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். அங்கே இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 34 கைவினைஞர்கள் ஒரு முற்றத்தில் உட்கார்ந்து நெய்தார்கள், செதுக்கினார்கள், பானை வனைந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே தொழிலைச் செய்துவரும் மாறாத இந்தியக் கிராமத்தின் மனிதர்கள் என்று பார்வையாளர்கள் அவர்களைக் கண்டு வியந்தார்கள். விக்டோரியா அரசி அவர்களைப் பார்த்தார். ஓவியர் ருடால்ஃப் ஸ்வோபோடா அவர்களின் முகங்களை வரைந்தார். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வந்தது எந்தக் கிராமத்திலிருந்தும் அல்ல. ஆக்ரா மத்தியச் சிறையிலிருந்து. தண்டனைக் காலத்தில் சிறைப் பட்டறையில் பழகிய தொழிலையே பலர் அங்கே செய்து காட்டினார்கள். ஏற்பாடு செய்தவர் அந்தச் சிறையின் கண்காணிப்பாளர் டைலர்.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். சிறையில் ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்த வேலை, கடல் தாண்டியதும் பிறப்பிலேயே வந்த வேலையாகிவிட்டது. கற்றுக்கொடுத்தால் யாருக்கும் வரும் என்பதற்கு அந்த முற்றமே சாட்சி. அந்தச் சாட்சியை மறைத்துவிட்டுத்தான் 'பரம்பரை' என்ற பலகையை மாட்டினார்கள். கோவையில் நாங்கள் பார்த்த பலகை அதன் பேரப்பிள்ளை.

இனி நம் ஊருக்கு வருவோம். அதே கண்காட்சியின் வாசலில் அலங்காரத்துக்காக ஒரு பழைய கவலைச் சக்கரத்தை வைத்திருந்தார்கள். மெருகெண்ணெய் பூசி, கீழே ஒரு விளக்கும் போட்டிருந்தார்கள். கொங்கு நாட்டுப் புறவழிச்சாலை ஓட்டல்களில் இது இப்போது வழக்கமாகிவிட்டது. வண்டிச் சக்கரம், கவலைச் சக்கரம், கலப்பை எல்லாம் சுவரில் தொங்கும். மாணவர்களிடம் கேட்டோம்: "இந்தச் சக்கரத்தின்மேல் என்ன ஓடியது?" கயிறு என்றார்கள். கயிற்றின் முனையில்? யாருக்கும் தெரியவில்லை.

கவலை என்பது மானாவாரிப் பூமியான கொங்கை வேளாண் பூமியாக்கிய கருவி. அறுபது, எழுபது அடி ஆழக் கிணறுகள். கிணற்று மேட்டில் மரச்சட்டம், அதில் சக்கரம், சரிவில் இறங்கும் எருதுகள், வடக்கயிறு. கயிற்றின் முனையில் சால். சாலின் அடியில் தண்ணீரை வாய்க்காலில் கொட்டும் தும்பி. பின்னாளில் சால் இரும்பானது. தும்பி அப்போதும் தோல்தான். அதற்கு முன் முழுச் சாலும் தோல். சக்கரமும் சட்டமும் ஆசாரி செய்தது. சாலும் தும்பியும் மாதாரி செய்தது. செத்த மாட்டை இழுத்து, உரித்து, சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் களைந்து, ஆவாரம் பட்டையில் பதனிட்டு, தண்ணீர் ஒழுகாமல் தைக்க வேண்டும். நாளெல்லாம் நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் தோல் கிழியாமல் இருக்க வேண்டும். தையல் ஒன்று விட்டால் எருது மேலே இழுப்பதற்குள் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். இதற்கும் கை வேண்டும், கண் வேண்டும், கணக்கு வேண்டும்.

இந்தச் சாலின் மதிப்பு வெள்ளைக்கார அரசுக்குத் தெரிந்திருந்தது. சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903இல் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கியபோது, அவர் மனதிலிருந்த முக்கியமான பொருள்களில் ஒன்று கவலைச் சால்தான். தண்ணீரில் ஊறினாலும் கெடாத தோல் கிடைத்தால் உழவருக்கு லாபம் என்பது அவர் கணக்கு. மாதாரியின் கைவேலை அப்போது ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாக ஏட்டில் ஏறியது. மாதாரி ஏறவில்லை.

இன்னொரு சங்கதி. பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1960களில் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்து, 1972இல் கொங்கு பற்றிய நூலை வெளியிட்டார். அவர் காட்டும் வலங்கை, இடங்கைப் பிரிவில் கொங்கு ஆசாரியும் மாதாரியும் ஒரே பக்கம், இடங்கையில் நிற்கிறார்கள். ஒரே கிணற்றுக்கு ஒருவர் சக்கரம் செய்தார், ஒருவர் சால் தைத்தார், சாதிக் கணக்கிலும் ஒரே கைதான். ஆனாலும் சால் தைத்தவர் அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்த முடியாது. தன் கையால் தைத்த தோலில் ஏறிவந்த தண்ணீரை, அடுத்தவர் ஊற்றக் கைகளைக் குவித்துக் குடித்தார். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கும் ஏற்பாடு என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டதை வகுப்பில் விளக்கத் தடுமாறும் ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்கிறோம்: ஒரு கவலைக் கிணற்றை வரைந்து காட்டுங்கள்.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மோட்டார் வந்தது. அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் கவலை ஓய்ந்தது. ஓய்ந்த கவலையிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ஆசாரிகளில் பலருக்குக் கதவு, ஜன்னல், பர்னிச்சர் வேலை இருந்தது; பம்பு வார்க்கும் பவுண்டரிகளில் மரத்தால் பேட்டர்ன் செதுக்கும் வேலை இருந்தது. கோவையின் பம்புத் தொழில் மரவேலைக்காரரின் கண்ணளவையில் நின்றது என்று தயங்காமல் சொல்லலாம். தோலை அறுத்துத் தைத்த கைக்கும் அதே கண்ணளவை உண்டு. ஆனால் பவுண்டரி வாசலில் அந்தக் கையை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. மாதாரிக் குடும்பங்களில் எத்தனையோ பேர் நகராட்சித் துடைப்பத்துக்கும் சாக்கடைக்கும் போனார்கள். தொழில் அழிந்தபோது திறமை ஒரு பக்கம் மதிப்போடு இடம் மாறியது. மறுபக்கம் இழிவு மட்டும் இடம் மாறியது.

மரத்தின் கதையும் மரவேலையோடு முடிவதில்லை. கோவை வனக்கல்லூரி வளாகத்தில் 1902இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. மாணவர்கள் அவசியம் போய்ப் பாருங்கள். மரங்களின் வெட்டுமுகங்களை வரிசையாக அங்கே பார்க்கலாம். ஆனைமலைத் தேக்கு அந்த வரிசையில் ராஜா. 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தேக்கு பம்பாய்க் கப்பல் துறைக்குப் போனது, ரயில் பாதைக்குப் போனது. மலை உச்சியிலிருந்து மரங்களைச் சரித்துவிட்ட இடம்தான் டாப்ஸ்லிப் என்று பெயர் பெற்றது. காட்டை அளந்து, வெட்டி, நட்ட அதிகாரிகளின் பெயர்கள் கிடைக்கின்றன. பாதை காட்டிய காடர்களின் பெயர்கள் கிடைப்பதில்லை. அந்தக் காடர் இளைஞர்கள் மூங்கிலில் நுணுக்கமான கோலங்கள் கீறிச் சீப்புச் செய்து மணப்பெண்ணுக்குத் தருவார்கள். சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன் அந்தச் சீப்புகளை வியந்து எழுதியிருக்கிறார். அதே தர்ஸ்டன்தான் அந்த மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து எழுதியவர். சீப்பு கலையானது, செய்தவர் மாதிரிப் பொருளானார்.

மரமும் தோலும் சேர்ந்த இடத்தில் நம் மக்களின் கை எப்படி மறைக்கப்படுகிறது என்பதற்கு மிருதங்கம் இன்னொரு சாட்சி. பலா மரக் கட்டையைப் பாடகர்கள் பாராட்டுவார்கள், வாசிப்பவருக்குப் பட்டம் கிடைக்கும். பசு, ஆடு, எருமைத் தோல்களைத் தேர்ந்து, மூட்டி, நாதம் சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்துவின் காதும் கையும் இருந்தன. டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை வெளியிட்டபோது, கலாக்ஷேத்ரா முதலில் கொடுத்த அரங்க அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா ஏசியன் இதழியல் கல்லூரிக்கு மாறியது. செய்கிறவரைப் பற்றிப் பேசினாலே அரங்கம் அசைகிறது என்றால், அந்த மறைப்பு எவ்வளவு கவனமாகக் கட்டப்பட்டது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பழைய கதை என்று சிலர் சொல்லலாம். 1953இல் ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். ஆசாரி மகன் உளி பிடிப்பான் சரி, மாதாரி மகன்? செத்த மாடு எப்போது விழும் என்று காத்திருப்பானா? எதிர்ப்பு பெரிதாகி 1954இல் அவர் பதவி விலகினார், காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. விண்ணப்பிப்பவர் குடும்பவழிப் பாரம்பரியத் தொழிலில் இருக்க வேண்டும், வயது 18 நிறைந்தால் போதும் என்பது விதி. கல்லூரிக்குப் போக வேண்டிய வயது அது. தச்சர் முதல் பெயர்களில் ஒருவர். செருப்புத் தைப்பவரும் பட்டியலில் உண்டு. பறை செய்கிறவர் இல்லை. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்போமா என்பது வேறு விஷயம். குடும்பவழி நிபந்தனையை நீக்கவும், வயதை 35 ஆக்கவும் கேட்ட தமிழ்நாடு அரசு, இப்போதுள்ள வடிவில் அதைச் செயல்படுத்த மறுத்து, 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. சாதி நிபந்தனை இல்லை என்பதை வரவேற்கிறோம். ஆனால் காகிதத்தில் தடை இல்லாவிட்டால் போதுமா? பட்டறைக்குள் பையனை உட்காரவைத்து உளி பிடிக்கச் சொல்லித்தரும் ஆள் யார்? "ஆரு வூட்டுப் பையன்?" என்ற கேள்வி எந்த விண்ணப்பப் படிவத்திலும் அச்சாகியிருக்காது.

நம் பெரியவர் மரவேலை கற்ற விதத்தை ஒருமுறை எங்களிடம் சொன்னார். சின்ன வயதில் ஊர்ப் பட்டறையில் மரத்தூள் கூட்டி அள்ளும் வேலை. உள்ளே போக முடியாது. தூள் வந்து குவியும் பின்வாசலில் நிற்க வேண்டும். அங்கே நின்றபடி ஆசாரியின் முதுகையும் முழங்கையையும் மட்டும் பார்த்திருக்கிறார். முகமோ உளி முனையோ தெரியாது. "முழங்கை எவ்வளவு தூரம் போகுதுன்னு பாத்தா உளி எவ்வளவு எறங்குதுன்னு தெரிஞ்சிரும்" என்றார். தூளை மோந்து மரத்தின் பெயர் சொல்லுவார். கழித்துப்போட்ட வேப்பந்துண்டுகளில் பழகித்தான் பறைச் சட்டத்துக்கு வந்தார். வளைவாக அறுத்த மூன்று துண்டுகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புத் தகடுகள், அதன்மேல் புளியங்கொட்டைப் பசை தடவிய தோல். மூன்றும் சேரும் இடத்தில் நூல் நுழையக் கூடாது என்பார்.

கண்காட்சியிலிருந்து திரும்பிய அடுத்த மாதம், அவர் வீட்டுத் திண்ணையில் அந்த ஆறு மாணவர்களையும் உட்காரவைத்தோம். அவர் அப்போதே நடக்கச் சிரமப்பட்டார். பந்தலும் இல்லை, பலகையும் இல்லை. கோவையில் உளியைத் தொடாமல் திரும்பிய பையனிடம் ஒரு பூவரசுத் துண்டைக் கொடுத்து, "இழைச்சுப் பாரு சாமி" என்றார். அவன் இழைப்புளியைத் தலைகீழாகப் பிடித்தான். அவர் திருத்தவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை அவனே திருப்பிப் பிடித்தான். சாயங்காலம் வரை இழைத்தான். அவன் செய்த துண்டு மற்ற இரண்டோடு சேரவில்லை. ஒரு விரல் அளவுக்கு இடைவெளி விட்டது. அந்தச் சட்டம் இன்னும் முடியாமல் எங்கள் அறையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அதை இந்த மேசையில் வைக்கிறோம். அறுக்க வாளும், இரண்டு பூவரசுத் துண்டுகளும் கொண்டுவந்திருக்கிறோம்.