சிறு குழந்தைகளுக்கு நேரும் கொடுமையைக் கண்டறிவது எப்படி? கேட்கும் முறையே முக்கியம்

தேஹு ரோடு (புனே): பாலியல் கொடுமைக்கு ஆளான மூன்று, நான்கு வயதுக் குழந்தை, நடந்ததை வரிசையாக எடுத்துரைக்காது. அதன் வாய்மொழியைச் சிதைக்காமல் பெறுவதற்கென்றே குழந்தை நேய மதிப்பீட்டு முறைகள் உருவாக்கப்பட்டுள்ளன.

புனே அருகே உள்ள தேஹு ரோடு, ராணுவக் கிடங்குகள் அமைந்த கண்டோன்மெண்ட் பகுதி. பணியிட மாற்றத்தால் பல மாநிலக் குடும்பங்கள் வந்து செல்லும் இதுபோன்ற ஊர்களில், வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் பள்ளியில் இந்தியும் பேசும் குழந்தைகள் உண்டு. ஆனால், உடல் உறுப்புகளுக்கு அக்குழந்தை அறிந்த சொற்கள் பெரும்பாலும் தாய்மொழியில், அதிலும் அந்த வீட்டுக்கே உரிய செல்லச் சொற்களாகவே இருக்கும். அவை புரியாதவர் எழுதும் வாக்குமூலத்தில் பிழை நேர இடமுண்டு. மொழிபெயர்ப்பாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோரின் உதவியைப் பெற போக்சோ சட்டம் வழிவகுப்பது இதனால்தான்.

நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்புவது, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு அஞ்சுவது, வயதுக்கு மீறிய பாலியல் அறிவு விளையாட்டில் வெளிப்படுவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். எனினும், ஊர் மாற்றமோ தம்பி, தங்கை பிறப்போகூட முதல் இரண்டுக்கும் காரணமாகலாம். எனவே அறிகுறியை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. மருத்துவப் பரிசோதனையில் காயம் தென்படாததும் கொடுமை நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது.

படம் வரையச் செய்வதும் பொம்மைகளைத் தருவதும் குழந்தையின் அச்சத்தைத் தணித்துப் பேச்சைத் தொடங்க உதவும். ஆனால், வரைந்த படத்தைக் கொண்டே குற்றத்தை ஊகிப்பது ஆபத்தானது. பொம்மை தன்னைக் குறிக்கிறது என்ற புரிதலும் மிகச் சிறிய வயதில் எளிதில் வருவதில்லை.

இதற்கு அமெரிக்காவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு கசப்பான எடுத்துக்காட்டு. 1983-இல் எழுந்த புகாரைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பொம்மைகளுடன், விடையை உள்ளடக்கிய கேள்விகள் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டன. 1990-இல் வழக்கு முடிந்தபோது ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அந்தக் குழந்தைகளில் எவருக்கேனும் உண்மையிலேயே தீங்கு நேர்ந்திருந்தாலும், அதைப் பிரித்தறியும் வழி அடைபட்டுப் போனது.

பின்னர் அந்நாட்டில் வகுக்கப்பட்ட 'என்.ஐ.சி.எச்.டி.' நெறிமுறை, திறந்த கேள்விகளை வலியுறுத்துகிறது. முதலில் பிறந்தநாள் போன்ற இயல்பான நிகழ்வைப் பற்றிக் குழந்தை பேசிப் பழகும். "தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம்" என்பதும் அதற்கு உணர்த்தப்படும். "அவர் தொட்டாரா?" என்பதற்குப் பதில், "என்ன நடந்தது, சொல்லு" என்றே கேட்க வேண்டும்.

இந்தியாவில் 2007-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வில், 12,447 குழந்தைகளில் 53.22 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகத் தெரிவித்தனர். அவர்கள் 5 வயது முதல் 18 வயது வரையிலானவர்கள். அதற்கும் குறைந்த வயதினர் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின்படி, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் காவலரே, சீருடையின்றி அதைப் பதிவு செய்ய வேண்டும். நீதிமன்றத்திலும் வழக்கறிஞர்கள் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும்.

குற்றம் நிகழ்ந்ததாக அறிய வரும் ஆசிரியர், மருத்துவர் உள்ளிட்ட எவரும் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தவறினால் 6 மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.