தானாக அறுந்த தசைநாண்: பால்வெட்டுக் காலம் முதல் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டை வரை ஒரு மருத்துவப் பதிவின் வரலாறு

கத்தி படாமல், கீழே விழாமல், எதிலும் மோதாமல் கையின் தசைநாண் அறுந்துபோவதுண்டு. ஈரத்துணியைப் பிழியும்போது பெருவிரல் சட்டென்று தொங்கிவிடும், மறுபடி நிமிராது. பல நேரம் பெரிய வலிகூட இராது. மருத்துவப் பதிவேடு இதைத் தானாக ஏற்பட்ட அறுதல் என்று குறிக்கிறது. அன்றாட விசையைக்கூடத் தாங்க முடியாதபடி அந்த நாண் முன்பே நலிந்திருந்தது என்று கொள்ள வேண்டும். அந்த நலிவு எங்கிருந்து வந்தது என்று ஏடுகள் கேட்கத் தொடங்கியது எப்போது, மலாக்காத் தமிழ்த் தொழிலாளிக்கு அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1896இல் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அது. அடுத்த பல பத்தாண்டுகள் கங்காணிகள் வழியே வந்த தமிழர்கள் விடியுமுன் பிரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நிரைக்குப் போய், நாளுக்கு நானூறு மரம்வரை சீவினார்கள். ஒவ்வொரு மரத்திலும் மணிக்கட்டின் அதே வளைவு, அதே இழுப்பு. தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் எழுதிய ஏடுகளின் கவலை வேறு: மலேரியா, வயிற்றுப்போக்கு, மரணம். அந்தக் கவலையை நான் குறைசொல்ல மாட்டேன். கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதல் செய்த மலேரியாத் தடுப்புப் பணி அத்தகைய கணக்குகளின் துணையோடுதான் உயிர்களைக் காத்தது. ஆனால் சாகடிக்காத கைக்கு அந்த ஏட்டில் பத்தி இல்லை. உலக அளவிலும் அதே நிலைதான். 1893இல் பெர்த்தியோன் வகுத்த பட்டியல் மரணக் காரணங்களின் பட்டியல். சாகடிக்காத நோய்களுக்கும் காயங்களுக்கும் முழுமையாக இடம் தந்தது, அந்தப் பட்டியலிலிருந்து வளர்ந்த உலக நோய் வகைப்பாட்டின் 1948ஆம் ஆண்டு ஆறாம் திருத்தமே.

இதற்குள் ஐரோப்பிய மருத்துவர்கள் கையை உற்றுப் பார்க்கத் தொடங்கியிருந்தனர். 1876இல் பிரான்சின் டூப்ளே, பெருவிரலை நிமிர்த்தும் நீள்நாண் அறுந்த நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். 1896இல் டூம்ஸ் எழுதியது பிரஷ்ய ராணுவ முரசறைவோரைப் பற்றி. முரசுக்கோலை இடக்கையில் பிடிக்கும் முறையால் அவர்களின் இடப் பெருவிரல் நாண் தேய்ந்து அறுந்தது. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான்: தொழிலின் பெயரை நோயின் பெயரோடு சேர்த்தே எழுதினார்கள். 1933இல் மக்மாஸ்டர் முயல்களில் செய்த சோதனை இன்னொன்றைக் காட்டியது. நலமான நாண் எளிதில் அறுவதில்லை. மிகை விசை கொடுத்தால் தசையோ எலும்போடு ஒட்டிய இடமோதான் முதலில் விட்டுக்கொடுக்கிறது. அப்படியானால் நாண் நடுவில் அறுந்திருந்தால் அதற்கு முந்தைய கதை ஒன்று இருந்தாக வேண்டும். 1948இல் வான்-ஜாக்சன் அந்தக் கதையை இரு நோயாளிகளிடம் கண்டார். மணிக்கட்டு மூட்டின் தேய்ந்த எலும்பு விளிம்பு, விரல்களை நிமிர்த்தும் நாண்களை அரித்து அறுத்திருந்தது. 1969இல் மான்னர்ஃபெல்ட்டும் நார்மனும் முடக்குவாத நோயாளிகளின் மடக்கு நாண்களிலும் இதையே காட்டினர்.

வகைப்பாட்டு நூல் மெதுவாகப் பின்தொடர்ந்தது. ஒன்பதாம் திருத்தத்தில் காயத்தால் அல்லாத நாண் அறுதலுக்கு 727.6 என்ற எண் இருந்தது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தம் எம்66 என்ற தனிப் பிரிவையே வைத்தது: நிமிர்த்தும் நாண்களுக்கு எம்66.2, மடக்கும் நாண்களுக்கு எம்66.3, இடம் கை என்றால் இறுதியில் 4. இயல்பான திசுவின்மீது மிகை விசை பட்டு அறுந்தால் அது காய அத்தியாயத்துக்கு, எஸ்66க்குப் போகும். மருத்துவக் குறிப்பைப் படித்து எண் இடும் கோடிடுபவர் புரட்டும் அகரவரிசையில் ஒரு பெரிய பொறி உண்டு. 'நாண் அறுதல்' என்று மட்டும் எழுதினால் பாதை காயத்துக்கே போகிறது. தானாக அறுந்தது என்று மருத்துவர் எழுதினால்தான் எம்66 திறக்கும். கோடிடுபவர் ஊகிக்கக் கூடாது. எனவே மருத்துவர் எழுதாமல் விட்ட ஒரு சொல், நோயாளிக்கு நேராத விபத்தைப் பதிவேட்டில் உண்டாக்கிவிடும். இன்னொரு குறை: அமெரிக்கா தனக்கென விரித்த பதிப்பு வலக்கையா இடக்கையா என்று எண்ணிலேயே சொல்கிறது, உலகப் பதிப்பின் எண் சொல்வதில்லை.

மலேசியாவில் இந்த எண்ணுக்கு அருகே சட்டமும் நிற்கிறது. 1969இன் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி 1971இல் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பு செயல்படத் தொடங்கியது. வேலைப் பாதிப்புக்கு அச்சட்டம் வைத்த வாசல்கள் இரண்டு: விபத்து, தொழில்நோய். பல ஆண்டு உழைப்பில் தேய்ந்து, வீட்டில் துணி பிழியும்போது அறுந்த நாண் விபத்து வாசலுக்குப் பொருந்தாது. தொழில்நோய் வாசலில் நுழைய, தொழிலுக்கும் நலிவுக்கும் உள்ள தொடர்பை யாராவது எழுதியிருக்க வேண்டும். எம்66 என்ற எண் தனியே நின்றால் அதைச் சொல்லாது.

எழுபதுகளில் பத்து பெரண்டாமில் சுதந்திர வர்த்தக மண்டலம் எழுந்தது. மின்னணு நிறுவனங்கள் வந்தன. பால்மரம் சீவியவர்களின் மகள்கள் நுண்ணோக்கியின் கீழ் சிப்புகளில் வேலை பார்த்தார்கள். மணிக்கட்டின் பெரிய வீச்சு போய், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் சிறு அசைவு வந்தது. அசைவு மாறியது, திரும்பத் திரும்பச் செய்வது மாறவில்லை. ஆகவே, தொழிற்சாலை ஊழியர் என்ற ஒற்றை வரி மருத்துவக் குறிப்புக்குப் போதாது.

நல்ல குறிப்பு எதைக் கேட்கும்? எந்த விரல், எந்தக் கை, எந்த நாண், அறுந்த கணத்தில் என்ன அசைவு என்று முதலில். பிறகு முந்தைய கதை: முடக்குவாதம் உண்டா, அறுந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டதுண்டா, அண்மையில் ஃப்ளோரோகுயினலோன் வகை மாத்திரை சாப்பிட்டாரா. இந்த வகை மருந்துகள் நாண் அறுதலுக்கு இட்டுச்செல்லலாம் என்பதால் 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவற்றுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கை விதித்தது. மணிக்கட்டு முறிவையும் கட்டாயம் கேட்க வேண்டும். விலகாத, சிறிய முறிவுக்குப் பின்னும் சில வாரங்களில் பெருவிரலின் நீள்நாண் அறுவதுண்டு. அப்போது எம்66.2உடன் முறிவின் பின்விளைவைக் குறிக்கும் டி92 எண்ணையும் சேர்த்தால்தான் கதை முழுமையாகும். தொழிலே காரணம் என்று மருத்துவர் கருதினால் அதற்கும் பத்தாம் திருத்தத்தில் எண் உண்டு: ஒய்96, வேலை சார்ந்த நிலை. 2022 முதல் நடப்புக்கு வந்த பதினொன்றாம் திருத்தத்தில் வலம், இடம் போன்ற விவரங்களை மூல எண்ணோடு இணைத்தே எழுதலாம். 'வலக்கை, பெருவிரல் நீள்நாண், இருபது ஆண்டு பால்வெட்டு, பிறகு தொழிற்சாலை, முறிவு இல்லை, ஊசி இல்லை' என்று மருத்துவர் ஒரு வரி எழுதியிருந்தால் கோடிடுபவர் ஊகிக்க எதுவும் மிஞ்சாது. சொக்சோ மனுவோடும் அதே வரியை இணைக்கலாம்.