சுவார்ட்ஸ் ஐயருக்காக அழுத சரபோஜி

தஞ்சாவூர் வர்றவங்க பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிடுறீங்க. பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்காவை ஒட்டி ஒரு பழைய சர்ச் இருக்கு. 1779இல் சுவார்ட்ஸ் ஐயர் கட்டியது. பாதிரியாரை அந்தக் காலத்தில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். உள்ளே ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கு. சாகக் கிடக்கிற பாதிரியாரின் கையைப் பிடித்தபடி ஒரு ராஜா நிற்கிறார். அவர்தான் இரண்டாம் சரபோஜி.

சுவார்ட்ஸ் ஜெர்மனிக்காரர். 1726இல் பிறந்து, 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், திரும்பி ஊருக்குப் போகவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தமிழ், மராத்தி, பாரசீகம் எல்லாம் படித்தார்.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேற. ஹைதர் அலி படை நம்ம டெல்டாவைச் சூறையாடிய சமயம், கோட்டைக்குள்ளே பஞ்சம். வெளியே நெல் இருக்கு, கொண்டுவர மாடு இல்லை. முன்னாடி மாடு கொடுத்தவனுக்குக் கூலி கொடுக்காததால் ஒருத்தனும் மாட்டை அவிழ்க்கவில்லை. ஐயர், "காசுக்கு நான் பொறுப்பு" என்று எழுதி அனுப்பினார். ஒண்ணு ரெண்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடு வந்து, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போனது. அப்புறம் ஒருமுறை அதிகாரிகளின் கெடுபிடி தாங்காமல் குடியானவங்க ஊரைவிட்டே போய்விட்டார்கள். ராஜா கூப்பிட்டும் வரலை. ஐயர் வாக்குக் கொடுத்த பிறகு 7,000 பேர் திரும்பி வந்தார்கள். ஒரு குடியானவன் விட்ட நிலத்துக்குத் திரும்பி வர்றதுன்னா சும்மா இல்லை. விதைநெல், மாடு, கடன் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் கால் வைப்பான்.

1787இல் துளஜா மகாராஜா சாகும் தறுவாயில் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து, இவனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இதே ஐயரிடம்தான் கேட்டார். அந்தப் பிள்ளை சரபோஜி, அப்போ பத்து வயசு. அரியணையைச் சித்தப்பா அமர்சிங் எடுத்துக்கொள்ள, பையன் படிப்பில்லாமல் அரண்மனையில் அடைந்து கிடந்தான். ஐயர் கம்பெனிக்காரர்களிடம் சண்டை போட்டு, 1793இல் அவனைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் படிக்க வைத்தார். பின்னாடி சரஸ்வதி மகாலை அவ்வளவு பெரிசாக்கினவர் இந்தப் பையன்தான்.

1798 பிப்ரவரி 13இல் ஐயர் இறந்தார். சரபோஜி வந்து, பெட்டியை மூடுமுன் முகத்தைப் பார்த்து அழுது, பொன்னாடை போர்த்தி, குழிவரைக்கும் கூடவே போனார். வழியில் ஞானப்பாட்டுப் பாடவேண்டும் என்றுதான் ஏற்பாடு. கிறிஸ்தவர்களுக்குச் சாவு முடிவில்லை, உயிர்த்தெழுதல் உண்டு என்கிற நம்பிக்கை, அதனால்தான் பாட்டு. ஆனா ஏழை ஜனங்கள் போட்ட ஓலத்தில் பாட முடியாமல் போச்சு. நம்பிக்கை இருந்தாலும் அழுகை வரத்தானே செய்யும்.

ராஜா மதம் மாறவில்லை, கடைசிவரை சிவபக்தர்தான். ஆனாலும் கல்லறைக்கு அவரே இங்கிலீஷில் கவிதை எழுதினார். அதில் ஐயரை அப்பா என்றே கூப்பிடுகிறார், அவருக்குத் தகுதியானவனாக இருக்க வேண்டிக்கொள்கிறார். 1801இல் லண்டனுக்குக் கடிதம் எழுதி, ஜான் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் அந்தச் சலவைக்கல் வேலையைச் செய்ய வைத்தார். சிற்பி தஞ்சாவூரையே பார்க்காத மனுஷன். பிடித்திருக்கிற அந்தக் கை மட்டும் அப்படியே உயிரோட இருக்கு.

இன்னொரு பிள்ளையும் உண்டு. பாளையங்கோட்டையிலிருந்து பன்னிரண்டு வயசில் ஐயர் கூட்டி வந்த வேதநாயகம். பெத்லகேம் குறவஞ்சி பாடின வேதநாயகம் சாஸ்திரியார் அவர்தான். ராஜாவும் அவரும் ஒரே ஆளிடம் வளர்ந்த சிநேகிதர்கள். ஒருத்தர் சிவனைக் கும்பிட்டார், ஒருத்தர் இயேசுவைப் பாடினார்.

ஐயரின் கல்லறை சிவகங்கைப் பக்கத்து சர்ச்சில் இல்லை, பழைய கோட்டைக்கு வெளியே உள்ள புனித பேதுரு ஆலயத்தில் இருக்கு. அடுத்த தடவை வந்தால் ரெண்டையும் பாருங்க. கதவு பூட்டியிருந்தால் பக்கத்தில் யாரையாவது கேளுங்க.