ஏழாம் தலைமுறை நிகழ்பட ஆட்ட இயந்திரங்கள் (இந்தியா)

இந்தியாவில் ஏழாம் தலைமுறை நிகழ்பட ஆட்ட இயந்திரங்களின் போட்டி என்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் 360, சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3 ஆகியவற்றுக்கிடையே 2006ஆம் ஆண்டிற்குப் பின்னர் நிலவிய வணிகப் போட்டியைக் குறிக்கும். எனினும் இந்திய வாங்குநருக்கு மூன்றாவது தெரிவொன்றும் இருந்தது. அது முந்தைய தலைமுறையைச் சேர்ந்த பிளேஸ்டேஷன் 2 ஆகும்.

வன்பொருள்

எக்ஸ்பாக்ஸ் 360, 3.2 கிகாஹேர்ட்ஸ் வேகமுடைய மூன்று கருக்களைக் கொண்ட மையச் செயலகத்தையும் 512 மெகாபைட் பொது நினைவகத்தையும் உடையது. பிளேஸ்டேஷன் 3 இல் அமைந்த செல் செயலகமும் அதே வேகத்தில் இயங்குவதே. ஆனால் அதன் 512 மெகாபைட் நினைவகம், செயலகத்திற்கும் வரைகலைக்குமாக இரு சமபாதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கோட்பாட்டளவில் செல் செயலகத்தின் கணிப்புத் திறன் மிகுதி எனினும் அதற்கு நிரல் எழுதுதல் கடினமாகும். இதனால் இரு இயந்திரங்களுக்கும் வெளியான பயோனெட்டா (2009) போன்ற சில ஆட்டங்கள், விலை குறைந்த எக்ஸ்பாக்ஸ் 360 இலேயே சீராக இயங்கின.

2000ஆம் ஆண்டில் வெளியான பிளேஸ்டேஷன் 2 இன் செயலக வேகம் ஏறத்தாழ 295 மெகாஹேர்ட்ஸ். முதன்மை நினைவகம் 32 மெகாபைட் மட்டுமே.

விலையும் மறைவான செலவுகளும்

எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவில் 2006 செப்டம்பரில் 19,990 ரூபாய், 23,990 ரூபாய் என இரு வடிவங்களில் அறிமுகமானது. பிளேஸ்டேஷன் 3, 2007 ஏப்ரலில் 39,990 ரூபாய்க்கு வெளிவந்தது. விலைப்பட்டியலை மட்டும் நோக்கின் முன்னதே மலிவானது. ஆயினும் அதன் குறைந்த விலை வடிவத்தில் வன்தட்டு இல்லை. இணையவழி பலர் ஆட்டத்திற்குத் தனிச் சந்தா செலுத்த வேண்டியிருந்தது. பிளேஸ்டேஷன் 3 இல் இணையவழி ஆட்டம் இலவசம். வன்தட்டு, கம்பியில்லா இணைய வசதி, புளூ-ரே இயக்கி ஆகியவையும் உடன் வந்தன. மேலும், எக்ஸ்பாக்ஸ் 360 இன் பரவலான வன்பொருள் பழுதுக்காக மைக்ரோசாப்ட் 2007 சூலையில் உத்தரவாதக் காலத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க நேர்ந்தது.

தொலைக்காட்சியும் பயன்மதிப்பும்

இவ்விரு இயந்திரங்களின் திறன் முழுமையாகப் புலப்பட உயர்வரையறைத் தொலைக்காட்சி தேவை. ஒப்பீடுகள் பலவற்றில் இச்செலவு கணக்கில் கொள்ளப்படுவதில்லை. தமிழ்நாட்டில் 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை 14 அங்குலக் கதிர்க்குழாய்ப் பெட்டிகளாகும். பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்கள் போன்ற இடங்களில் பல வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சி இத்தகைய திட்டத்தின் வழியே வந்தது. அத்திரையில் பிளேஸ்டேஷன் 3 இன் உயர்வரையறைப் படத்தால் பயனில்லை. பிளேஸ்டேஷன் 2 அத்தகைய பெட்டிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. 2000களின் இறுதியில் அதன் விலையும் பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. அதுவும் எட்டாத வீடுகளில் நின்டென்டோ பேமிகாமைப் போலச் செய்த, 'டிவி கேம்' எனப் பொதுவாக வழங்கிய, காட்ரிட்ஜ் செருகும் கருவிகளே விளையாடப்பட்டன.

சோனியும் இதனை உணர்ந்திருந்ததாகவே கொள்ளலாம். பிளேஸ்டேஷன் 3 வெளிவந்த பின்னரும், இந்தியாவில் உருவாக்கப்பட்ட அனுமான்: பாய் வாரியர் (2009), கபடியும் கில்லி தண்டாவும் இடம்பெற்ற தேசி அட்டா (2009) ஆகிய ஆட்டங்களைப் பழைய பிளேஸ்டேஷன் 2 க்கே வெளியிட்டது. கில்லி தண்டா என்பது தமிழ்நாட்டின் கிட்டிப்புள்ளே.

பிளேஸ்டேஷன் 2 இன் உற்பத்தி 2013 சனவரியில் நிறுத்தப்பட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 இன் உற்பத்தி 2016 இலும் பிளேஸ்டேஷன் 3 இன் உற்பத்தி 2017 இலும் முடிவுற்றன. 2021 பிப்ரவரியில் இந்தியாவில் வெளியான பிளேஸ்டேஷன் 5 இன் தொடக்க விலை 49,990 ரூபாய் ஆகும்.