மூல நிரலும் எழுத்துக் குறியீடும்

மனிதன் எழுத்தைப் படிக்கின்றான். கணினி படிப்பதோ எண்களை. நிரலாளர் வரையும் மூல நிரலும் கோப்பில் எண்களின் வரிசையாகவே தங்குகின்றது. அதனை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் தொகுப்பி, எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அவ்வுடன்பாடு குலைந்த இடமெல்லாம் இடர்தான்.

1963 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்கி குறியீட்டில் 128 இடங்களே இருந்தன. 'ஏ' என்னும் ஆங்கிலப் பேரெழுத்துக்கு அதில் 65 என்பது எண். மறு ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 360 வகைக் கணினிகளின் எப்சிடிக் குறியீட்டில் அதே எழுத்து 193 ஆயிற்று.

ஐரோப்பியரின் தொல்லை வேறு. டேனிஷ், சுவீடிஷ் முதலிய மொழிகளின் தனியெழுத்துகளுக்கு ஆஸ்கியில் இடமில்லை. ஆகவே, அடைப்புக்குறிகள் சிலவற்றின் இருக்கைகளை அவ்வெழுத்துகளுக்கு ஒதுக்கினர். சி மொழியோ அக்குறிகளின்றி ஓரடியும் நகராது! இரண்டு வினாக்குறிகளோடு வேறொரு குறியைச் சேர்த்தெழுதினால் அதனை அடைப்புக்குறியாகக் கொள்ளலாம் என 1989 ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரநிலை வழிவகுத்தது. அழகற்ற வழிதான், ஆயினும் சி++ மொழியில் 2017 இல்தான் அது நீக்கப்பெற்றது.

ஜப்பானியர் பட்ட பாடு இவற்றினும் பெரிது. அவர்களின் 'ஷிஃப்ட் ஜிஸ்' குறியீட்டில் சீன வடிவ எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு எண்களால் ஆனது. சிலவற்றின் இரண்டாம் எண் 92. ஆஸ்கியில் அது பின்சாய்கோட்டுக்கு உரியது. அட்டவணை எனப் பொருள்படும் எழுத்து அத்தகையது. சி மொழியில் வரியின் ஈற்றில் பின்சாய்கோடு நின்றால் அடுத்த வரியும் அதன் தொடர்ச்சியாகும். ஆகவே, இரட்டைச் சாய்கோட்டுடன் தொடங்கும் குறிப்புரை அவ்வெழுத்தில் முடியுமாயின், ஷிஃப்ட் ஜிஸ் அறியாத தொகுப்பி அடுத்த வரியிலுள்ள கட்டளையையும் குறிப்புரையென எண்ணித் தள்ளிவிடும். பெரும்பாலும் பிழையென்று தடுத்து நிறுத்துவதுமில்லை. கண்ணுக்குத் தெரியும் வரி, இயங்கும் நிரலில் இராது. நிரலாளர் எங்கே போய்த் தேடுவார்?

1992 இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சி உணவகமொன்றில் அமர்ந்து வகுத்த யுடிஎஃப்-8 முறை இச்சிக்கலை வேரறுத்தது. அம்முறையில் ஆஸ்கிக்கு அப்பாற்பட்ட எழுத்தின் எண்கள் யாவும் 128 அல்லது அதற்கு மேற்பட்டவை. தமிழ் அகரம் 224, 174, 133 என மூன்று எண்களாகும். அவற்றுள் 92 புகவே இயலாது.

2008 இல் வந்த பைத்தான் 3 இதனையே இயல்பாக ஏற்றதுடன், மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டவும் இடமளித்தது. ஜாவாவின் தொகுப்பியோ, குறியீட்டைத் தனியே கூறாவிடில், அந்தந்தக் கணினியின் வழக்கத்தையே நெடுங்காலம் பின்பற்றியது. ஓரிடத்தில் செம்மையாக வந்த தமிழ்த் தொடர் மற்றோரிடத்தில் சிதைந்ததற்கு அதுவே காரணம். 2022 இல் வெளியான 18 ஆம் பதிப்பிலேதான் அந்நிலை மாறியது.