எண்ணிக்கையில் வராத கைகள்

எங்க அப்பாயி ஊர் முழுக்கப் பேறு பார்த்தவ. சேரிக்கு மட்டுமில்ல, ஊர்த்தெருவுக்கும் அவதான். நடுராத்திரி லாந்தரோடு ஆள் வரும். கொல்லை வழியாத்தான் உள்ளே போகணும். பிள்ளையை வாங்கி, கொடி அறுத்து, நஞ்சுக்கொடியைப் புதைத்து, தீட்டுத் துணியை அலசிப் போட்டுவிட்டு வருவாள். கூலி ஒரு மரக்கால் நெல், ஒரு பழைய சேலை. அப்புறம் வீட்டைக் கழுவித் தீட்டுக் கழிப்பார்கள். அதோடு சரி, அந்த வாசப்படி அவளுக்கு இல்லை. "மொதமொதல்ல அதத் தொட்டவ நாந்தான். இப்ப அது பெரிசாயி, நான் தொட்டா தீட்டுங்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

நாட்டின் சுகாதார வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அப்பாயியைத் தேடுகிறேன்.

1943இல் வெள்ளைக்கார அரசு ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டது. 1946இல் அறிக்கை வந்தது. பிறகு வந்த சுகாதாரத் திட்டங்களுக்கெல்லாம் அதுதான் மூல ஏடு. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. டாக்டர்கள் 47,500 பேர். நர்சுகள் 7,000 பேர். அதாவது 43,000 சனத்துக்கு ஒரு நர்ஸ். அன்றைய பிரிட்டனில் 300 பேருக்கு ஒருவர். பயிற்சி பெற்ற பேறுகாலத் தாதிகள் 5,000 பேர்தான்.

எந்த ஆஸ்பத்திரியிலும் டாக்டரைவிட நர்ஸ்தானே அதிகம் வேண்டும்? இங்கே ஏழு டாக்டருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்கு தலைகீழாக நிற்கிறதே, ஏன்?

சம்பளம் குறைவு, தங்க இடமில்லை, வேலை நேரத்துக்கு அளவில்லை. இவையெல்லாம் உண்மை. ஆனால் இதற்கும் முந்தைய காரணம் ஒன்று உண்டு. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தார். வைத்தியர் சாதிக்காரர். அதைக் கொண்டாடப் பீரங்கி முழங்கியதாகக்கூடச் சொல்வார்கள். பிணத்தைத் தொடுவதைவிடப் பெரிய தீட்டு எது? ஆனாலும் அந்தத் தீட்டு கழிந்துபோனது. ஏனென்றால் அதன் மறுபக்கம் டாக்டர் பட்டம் இருந்தது. மலம், மூத்திரம், சீழ், பேறுகால ரத்தம் ஆகியவற்றின் மறுபக்கம் எந்தப் பட்டமும் இல்லை. அதைத் தொட ஏற்கெனவே ஆள் வைத்திருந்தார்கள்.

சென்னையில் 1854இல் பேறுகாலத் தாதிகளுக்கும், 1871இல் அரசுப் பொது மருத்துவமனையில் நர்சுகளுக்கும் பயிற்சி தொடங்கியது. யார் வந்தார்கள்? பெரும்பாலும் ஆங்கிலோ-இந்தியப் பெண்கள், கிறிஸ்தவப் பெண்கள். மிஷன் அநாதை விடுதிகளில் வளர்ந்தவர்களும், மதம் மாறிய நம் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. சாதி இந்துக் குடும்பங்கள் பெண்ணை அனுப்பவில்லை. ராத்திரி வேலை, அந்நிய ஆண் உடம்பு, எல்லாச் சாதி உடம்பும். நர்சைக் கட்டிக்கொள்ளவும் தயங்கினார்கள். இதற்குப் பெயர்தான் 'பற்றாக்குறை'.

அப்பாயி போன்ற கைகள் அந்த 5,000இல் இல்லை. நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் பிறந்தது இந்தக் கைகளில்தான். போர் குழு இவர்களை இடைக்கால ஏற்பாடாக மட்டுமே பார்த்தது. தாதிகள் போதுமான அளவு வரும்வரை கொஞ்சம் பயிற்சி கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றது. 1977இல் வந்த கிராம சுகாதாரத் திட்டமும் இதையே பெரிய அளவில் செய்தது. அப்பாயிக்கும் ஒரு பை கிடைத்தது. கத்தரி, நூல், சோப்பு. சம்பளம் இல்லை.

அப்பாயியைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. அவள் கையில் செத்த தாய்மாரும் உண்டு. அவளே அழுது சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிப் பிரசவம் உயிர்களைக் காப்பாற்றியது. 2005இல் ஆஸ்பத்திரியில் பெற்றால் பணம் என்று மத்திய அரசு திட்டம் போட்டபோது அதை எதிர்க்க நியாயமில்லை. என் கேள்வி வேறு. அந்தப் பெண்களின் மகள்களைப் படிக்கவைத்து, சம்பளத்தோடு அதே வேலையில் உட்காரவைக்க ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? 1983 சுகாதாரக் கொள்கைக்குப் பிறகு 2002இல் இன்னொரு கொள்கை வந்தது. நர்சுகள் போதவில்லை என்று அதுவும் சொன்னது.

போதவில்லையா, வைத்துக்கொள்ள மனமில்லையா? தமிழ்நாட்டில் 2015இல் தேர்வெழுதி வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் உட்கார்ந்தார்கள். வேலைக்குத் திரும்பச் சொன்னது உயர் நீதிமன்றம். ஆள் இல்லையென்று அழுகிற அரசுதான் வந்த ஆளை இப்படி வைத்திருந்தது. அவர்களுக்கும் கீழே, பெட்பேனை எடுக்கிற ஆயாவும் கூட்டிக் கழுவுகிறவர்களும் ஒப்பந்தக்காரன் கையில். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2018இல் மத்திய அரசு பேறுகாலத் தாதி என்றொரு தனிப் பணியைக் கொண்டுவர வழிகாட்டு நெறி வெளியிட்டது. நர்சிங் படித்தவர்களுக்கு மேலும் 18 மாதப் பயிற்சி. இயல்பான பிரசவத்துக்கு டாக்டர் தேவையில்லை, கூடவே இருந்து பார்க்கிற பெண் போதும் என்கிறார்கள். நல்லதுதான்.

என் சின்னம்மா மகள் நர்சிங் முடித்திருக்கிறாள். "அந்தப் படிப்புக்குப் போறியா?" என்று கேட்டேன். "மொதல்ல இப்ப இருக்கிற வேலைய நிரந்தரமாக்கட்டும்ணே" என்றாள்.